விட்டுப்போன ஒரு நிலையம்

கோலாலம்பூர் சென்ட்ரலில் கம்யூட்டர் ஏறினால் கிள்ளான் துறைமுகத்திற்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் துறைமுகம் வந்துவிடும். அதே தூரத்தைக் கடக்க எனக்கும் என் நண்பனுக்கும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. நாங்கள் நடந்து போனோம். அதுவும் ஒரே மூச்சில் அல்ல, துண்டு துண்டாக.

இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று கழகத்துத் தம்பி தங்கையர் கேட்டபோது, பல்கலைக்கழக நாள்களின் இனிய நினைவுகள் என்று வழக்கம்போல் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் எண்ணினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த நடைக்கு வித்து விழுந்ததே விடுதியில்தான். எனவே இதையே எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டில் நாங்கள் இருவரும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோம். நான் பேராக்கிலிருந்து வந்தவன். அவன் கிள்ளான்காரன். சனிக்கிழமைதோறும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கம்யூட்டரில் வீட்டுக்குப் போய்விடுவான். சாப்பாட்டு ஆசையில் நானும் சில வாரங்கள் ஒட்டிக்கொள்வேன். அவன் அப்பா ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தைக் 'கம்பிச்சடக்கு' என்றுதான் சொல்வார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்.

"எப்படி தம்பி வந்தீங்க?"

"கம்யூட்டர்லதான் அங்கிள்."

"ரயில்ல வந்தா வழி தெரியாது தம்பி. நடந்தாத்தான் தெரியும்."

நாங்கள் சிரித்துக்கொள்வோம். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்த காலம் அது.

பட்டம் பெற்று, வேலை, திருமணம், வீட்டுக் கடன் என்று எல்லாரையும் போல நாங்களும் ஆனோம். 2019இல் ஒரு தீபாவளித் திறந்த இல்ல விருந்தில் சந்தித்தபோது இருவருக்கும் தொப்பை, எனக்கு இனிப்புநீர் வேறு. நடக்கச் சொல்லி மருத்துவர் மிரட்டியிருந்தார். அமெரிக்காவில் அப்பலேச்சியன் பாதை என்று ஒன்று உண்டு, 3,500 கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்று நண்பன் சொன்னான். அதை ஒரே பயணத்தில் நடந்து முடிப்போர் சிலர். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு துண்டாகப் பல ஆண்டுகள் நடந்து முடிப்பார்களாம். இன்று இலங்கை மலைநாட்டிலும் தேயிலைத் தோட்டங்களின் ஊடே 'பெக்கோ பாதை' என்று 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைவழி ஒன்று உண்டு. அதை 22 கட்டங்களாகவே வகுத்திருக்கிறார்கள்.

"நம்ம ஊர்ல அப்படி ஏதாச்சும் இருக்கா?" என்றேன்.

"இருக்குலா. சென்ட்ரல்ல இருந்து போர்ட் கிள்ளான். அப்பாவோட கம்பிச்சடக்கு" என்றான்.

நம்மவர்களுக்கு நெடுநடை புதிதல்ல. தைப்பூச இரவில் வெள்ளி ரதத்தோடு பத்துமலை வரை நாங்களும் நடந்திருக்கிறோம். ஆனால் அது நேர்த்திக்காக நடப்பது, ஓரிரவில் முடிந்துவிடுவது. இது வேறு. நேர்த்தியும் இல்லை, ரதமும் இல்லை.

தண்டவாளத்தின்மேல் நடப்பது குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஆகவே பாதையை ஒட்டிய சாலைகளில் நடப்பதென்று முடிவு செய்து, மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். சென்ட்ரலிலிருந்து துறைமுகம் வரையிலான 20 நிலையங்களின் வாசலையும் மிதிக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அடுத்த முறை அதே இடத்தில் தொடங்க வேண்டும். திரும்பி வர மட்டுமே ரயில். இந்த விதிகளில் ஒன்றை மூன்றாம் நடையிலேயே மீறினோம். அந்தக் கதைதான் இது.

முதல் துண்டு: பிரிக்பீல்ட்ஸ் – பந்தாய் டாலாம்

2019 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் தோசையோடு பசியாறிவிட்டுக் கிளம்பினோம். மாணவர் காலத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கும் வந்த இடம். அன்று வேறு கண்ணோடு பார்த்தோம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழுப்ப வேண்டும் என்று முடிவானது. அதற்குச் செங்கல் சுட்ட களம்தான் இந்த ஊர். பெயரிலேயே செங்கல் இருக்கிறது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. சிலாங்கூரின் முதல் ரயில் பாதை அது. அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸ் ரயில்காரர்களின் ஊராயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்தார்கள். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தைக் கடந்தபோது நண்பன் சொன்னான்: "பேனா பிடிச்சவங்க ஊர்லா இது. எங்க ஆளுங்க சடக்கு ஓரத்துலேயே இருந்தாங்க." வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

2001இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையம், பழைய ரயில் பெட்டிகள் நின்ற நிலத்தில் எழுந்தது. அதை விட்டு இறங்கி அப்துல்லா ஹுக்கும் நிலையத்தை அடைந்தோம். சுமத்ராவின் கெரிஞ்சியிலிருந்து வந்து இங்கு நிலம் திருத்திய ஒருவரின் பெயர் அது. பக்கத்திலுள்ள பங்சார், புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியப் பெயர்கள் ஒட்டி நின்ற ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். இன்று அங்கே ஒரு குவளை காப்பியின் விலையில் அன்று ஒரு குடும்பம் பல நாள் வாழ்ந்திருக்கும். அங்காசாபுரியில் வானொலி நிலையத்தைப் பார்த்ததும் அம்மாவின் அடுப்படி வானொலி நினைவுக்கு வந்தது.

பந்தாய் டாலாமில் கால் வலித்தது. எட்டு கிலோமீட்டர் என்றது கைத்தொலைபேசி. அப்பாவை அழைத்துச் சொன்னோம்.

"பந்தாயா? அவ்வளவுதானா? ஒங்க யூனிவர்சிட்டிகிட்டயே நின்னுட்டீங்களே" என்று சிரித்தார்.

இரண்டாம் துண்டு: பந்தாய் டாலாம் – ஸ்ரீ செத்தியா

டிசம்பரில் நடந்த இரண்டாம் துண்டில் பெட்டாலிங், ஜாலான் டெம்ப்ளர், கம்போங் டத்தோ ஹருண் நிலையங்கள் வந்தன. ஒரு பக்கம் பெட்டாலிங் ஜெயா. 1950களில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின்மேல் எழுந்த நகரம். மறுபக்கம் குறுகிய சந்துகளும் பலகை வீடுகளும் இருந்த பகுதி. இப்போது அடுக்குமாடிகள் நிறைந்திருக்கின்றன.

கம்போங் மேடானை நெருங்கியபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். 2001 மார்ச்சில் இங்கே நடந்த இன மோதலில் ஆறு உயிர்கள் போயின. அப்போது நாங்கள் முதலாண்டு மாணவர்கள். விடுதியின் பொதுத் தொலைபேசிக்கு முன் நம் மாணவர்கள் வரிசையில் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த வாரம் என் நண்பன் வீட்டுக்குப் போகவில்லை. அதன் பின் எத்தனையோ முறை ரயிலில் இந்த இடத்தைக் கடந்திருக்கிறோம். ஒரு முறையும் இறங்கியதில்லை.

அன்று இறங்கி நடந்தோம். சாலையோரத்தில் நாசி லெமாக் விற்ற மலாய் மூதாட்டி ஒருவர் எங்கள் வியர்வையைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கிள்ளானுக்கு நடக்கிறோம் என்றதும், "ரயில் இருக்கிறதே, காசு இல்லையா?" என்றார். இல்லை, சும்மாதான் என்றோம். தலையை ஆட்டிவிட்டு இரண்டு குவளைத் தேநீர் கொடுத்து, காசை வாங்க மறுத்துவிட்டார். எங்களை உண்மையிலேயே காசில்லாதவர்கள் என்று நினைத்துவிட்டார் போலும். இதைக் கொண்டு பெரிய முடிவு எதற்கும் நான் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மூன்றாம் துண்டு: ஸ்ரீ செத்தியா – பத்து தீகா

2020 பிப்ரவரி. ஸ்ரீ செத்தியா என்று இன்று அழைக்கப்படும் பழைய சுங்கை வேயில் தொடங்கி, செத்தியா ஜெயா நிலையத்தை அடைந்தபோது வானம் இருண்டது. பேய் மழை. மின்னல் கூட்டரசு நெடுஞ்சாலையையே பிளப்பதுபோல் வெட்டியது. நிலையத்துக் கூரையின்கீழ் ஒரு மணி நேரம் நின்றோம். மழை விடவில்லை. எனக்கு மாலையில் ஒரு திருமண விருந்து வேறு இருந்தது.

"ஒரே ஒரு ஸ்டேஷன்தானேடா. சுபாங் ஜெயா வரைக்கும் ரயில்ல போயிடுவோம். அங்கே இருந்து நடப்போம். இத பிறகு பாத்துக்கலாம்" என்றேன். சொன்னவன் நான்தான். அவனுக்கு மனமில்லை, ஆனாலும் வந்தான்.

சுபாங் ஜெயாவில் மழை குறைந்திருந்தது. சீபீல்டு தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த அந்நகரைக் கடந்து பத்து தீகாவுக்கு நடந்தோம். இரவு அப்பாவை அழைத்தோம். ஒரு நிலையம் ரயிலில் வந்ததையும் மறைக்காமல் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் வேலையைப் பற்றிப் பேசினார். அவன் அப்பா அவ்வளவு நேரம் வேலையைப் பற்றிப் பேசி அவனே கேட்டதில்லையாம்.

அவர் சொன்னது இது. தண்டவாளத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு கூட்டத்திடம் ஒப்படைத்திருப்பார்கள். அதில் ஒருவர் தினமும் காலையில் நீண்ட பிடி போட்ட சுத்தியலும் கொடியும் எடுத்துக்கொண்டு தன் துண்டை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். ஆணி தளர்ந்திருக்கிறதா, மழையில் கல் சரிந்திருக்கிறதா, சிலிப்பர் கட்டை உளுத்திருக்கிறதா என்று தட்டித் தட்டிப் போக வேண்டும். காது நன்றாக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கட்டைகளின் இடைவெளி மனிதக் காலுக்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு கட்டையாக மிதித்தால் அடி சின்னது, ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் அடி பெரியது. அந்த நடையே உடம்பில் ஊறிவிடும். கடைக்குப் போகும்போதுகூட அப்படித்தான் நடப்பாராம்.

"நான் பத்து தீகா பக்கம் பல வருஷம் நடந்தேன் தம்பி. என் துண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். கோலாலம்பூர் பக்கம் யார் நடந்தான், போர்ட் பக்கம் யார் நடந்தான், மூஞ்சிகூடத் தெரியாது. ஆனா அவன் நடந்ததாலதான் என் துண்டுக்கு ரயில் வந்திச்சி. நீங்க விட்டீங்களே, அதுவும் ஒருத்தன் நடந்த துண்டுதான். போய் நடந்துட்டு வந்துருங்க."

நடக்கிறோம் அங்கிள் என்றேன். அடுத்த மாதமே நடந்துவிடுவதாகச் சொன்னேன்.

நின்றுபோன காலம்

அடுத்த மாதம் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்தான் போகலாம் என்றார்கள். போலீஸ் தடுப்புகளைத் தாண்டி மாவட்டம் விட்டு மாவட்டம் போகக் கடிதம் வேண்டியிருந்தது. ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்வந்த கிள்ளான் வெளிநாடாகிவிட்டது.

2021 ஜூலையில் அவன் அப்பாவுக்குக் கோவிட் கண்டது. அந்நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலை எப்படி இருந்தது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்குள் போனவரை மகன் பிறகு பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் கொண்டுபோய் முடித்தார்கள். நான் 25 கிலோமீட்டர் தொலைவில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கைத்தொலைபேசித் திரையில் பார்த்தேன். படம் இரண்டு முறை அறுந்தது. அவ்வளவுதான்.

அதன் பின் அவன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். நான் அனுப்பும் செய்திகளுக்கு ஒரு கைகூப்பு வரும். நடையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்பதே உண்மை. ஒரு மழைக்காகவும் ஒரு விருந்துக்காகவும் நான் விட்ட அந்த ஒரு நிலையம் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்த விருந்தில் என்ன சாப்பிட்டேன் என்பதுகூட இன்று நினைவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தது. அவன் அக்காள் வீடு அங்கேதான். அப்பாவின் பொருள்களை அங்கே வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்த பின் சேறு அள்ளப் போனவர்களில் நானும் ஒருவன். புகைப்படங்கள், சான்றிதழ்கள், சேவைப் பதக்கப் பெட்டி எல்லாம் கூழாகிக் கிடந்தன. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவிய நண்பன் எதையோ இழுத்தான். பிடி உளுத்துப்போன சுத்தியல் தலை. குழாயடியில் கழுவினான்.

"இரும்புலா. இது மட்டும் போகல" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அதுதான். சற்று நேரம் கழித்து, "மிச்சத்த நடப்போம்" என்றான்.

நான்காம் துண்டு: பத்து தீகா – கிள்ளான்

2022 செப்டம்பர். பத்து தீகாவில் சந்தித்தோம். இனி வருவது அவன் அப்பாவின் துண்டு. சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த இடத்தில், 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம் நிற்கிறது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதால் மாநிலத்துக்குப் புதிய தலைநகர் வேண்டியிருந்தது. அவன் பாட்டி பால் வெட்டிய மரங்கள் எங்கே நின்றன என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர்கள் குடியிருந்த ரயில்வே வீடுகளையும் காணோம்.

ஷா ஆலம் நிலையத்தைத் தாண்டியதும் வேலியோரம் நின்றான். உள்ளே கான்கிரீட் கட்டைகள், மேலே மின்கம்பிகள். 1995இல் கம்யூட்டர் ஓடத் தொடங்கியபோது அவன் அப்பா ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "அப்பா எந்த மைல்ல இருந்து எந்த மைல் வரைக்கும் நடந்தாருன்னு நான் கேட்டதே இல்லடா" என்றான். ஒரு ரயில் எங்களைக் கடந்து போனது. அவன் பையை நான் தூக்கப் போனேன். கனத்தது. திறந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது.

பாடாங் ஜாவா என்றதும் நம்மில் பலருக்கு 2007 தீபாவளிக்கு முன் உடைக்கப்பட்ட கோயில் நினைவுக்கு வரும். நாங்களும் அதைப் பேசிக்கொண்டே நடந்தோம். அங்கிருந்து கிள்ளான் ஆறு குறுக்கே வருகிறது. 1886இல் ரயில் ஆற்றுக்கு இக்கரையோடு நின்றுவிட்டது. 1890இல் பாலம் கட்டிய பிறகுதான் கிள்ளான் நகருக்குள் போனது. அந்தக் கன்னாட் பாலத்தின் பெயர் இன்று அருகிலுள்ள மின் நிலையத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. ரயில் பாலத்தில் ஏற முடியாது என்பதால் சாலைப் பாலத்துக்குச் சுற்றிப் போனோம். கால் கொப்புளம், கடும் வெயில், லாரிப் புகை. கிள்ளானை அடைந்தபோது மணி ஆறு. தெங்கு கிளானா சாலையில் மல்லிகைச் சரம் ஒரு முழம் வாங்கி, வீட்டில் அப்பாவின் படத்துக்குப் போட்டான். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். எப்படி வந்தீங்க என்று கேட்க ஆளில்லை.

ஐந்தாம் துண்டு: கிள்ளான் – துறைமுகம்

2023 மார்ச்சில் நடந்த இத்துண்டில் தெலுக் பூலாய், தெலுக் காடோங், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் கஸ்தாம் என்று நிலையங்கள் நெருக்கமாக வருகின்றன. தரை தட்டையாகிக் கடல் காற்று உப்புக் கரிக்கத் தொடங்குகிறது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் இது திறக்கப்பட்டது. திறந்தவுடன் மலேரியா பிடித்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்குத் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தை வெட்டி வடியவைத்து நோயைக் கட்டுப்படுத்தியதை மருத்துவ வரலாறு பேசுகிறது. வடிகால் வெட்டியவர்களின் பெயர்களை அந்த வரலாறு பேசுவதில்லை. கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது 1972இல்.

1926 முதல் 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பல் பினாங்கைத் தொட்டு இங்கே வரும். என் நண்பனின் தாத்தா இறங்கியது இந்தத் துறையில்தான் என்று அவன் குடும்பத்தில் சொல்வார்கள். அவர்கள் கடலிலிருந்து உள்ளே போனார்கள். நாங்கள் உள்ளேயிருந்து கடலுக்கு வந்தோம். கேத்தாம் தீவுக்குப் படகு கிளம்பும் படித்துறையில் உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்த மீ கோரேங்கைச் சாப்பிட்டோம். பாதை முடிந்துவிட்டது, ரயிலும் இதற்கு மேல் போகாது.

"முடிஞ்சிச்சாடா?" என்றேன்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றான்.

ஒரு நிலையம்

செத்தியா ஜெயாவிலிருந்து சுபாங் ஜெயா வரையிலான அந்தத் துண்டை 2023 ஆகஸ்டில் நடந்தோம். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேம்பாலத்தின் நிழல், வாகனப் பட்டறைகள், மூடி உடைந்த கால்வாய், நடைபாதை திடீரென்று முடிந்துபோகும் இடங்கள். நாய் ஒன்று பாதி வழி துணைக்கு வந்து திரும்பிவிட்டது. மழை பெய்யவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. மூன்றரை ஆண்டுகள் என்னை உறுத்திய தூரம் அவ்வளவுதான்.

ஆக, எங்கள் நடை தொடங்கிய பிரிக்பீல்ட்ஸிலும் முடியவில்லை, கடலோரத்திலும் முடியவில்லை. சுபாங் ஜெயா நிலையப் படிக்கட்டில், பேரங்காடிக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவில் முடிந்தது. நண்பன் பையிலிருந்து சுத்தியலை எடுத்தான். புதுப் பிடி போட்டிருந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். நிலையக் காவலர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வைடா. கம்பிச்சடக்கு நடந்து முடிச்சிட்டுக் கம்பி எண்ணப் போறியா?" என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். 2021க்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சுத்தியல் பைக்குள் போயிற்று. பிறகு இருவரும் அவரவர் ரயிலைப் பிடித்தோம்.

அப்பா சொன்னதை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முழுப் பாதையை நடந்து பார்த்தவர் அவர்களில் அநேகமாக எவருமில்லை. ஒவ்வொருவரும் தன் துண்டை மட்டும் நடந்தார்கள். ஒருவர் விட்டிருந்தால் எல்லாருடைய நடையும் வீண். இதைச் சொல்லும்போது நம் கழகம்தான் நினைவுக்கு வருகிறது. மாணவ நண்பர்களே, நீங்கள் இங்கே இருப்பது மூன்று நான்கு ஆண்டுகள். அதில் ஓராண்டு செயலவையில் இருப்பீர்கள். ஒரு நாடகம், ஒரு பட்டிமன்றம், ஒரு மலர். உங்களுக்கு முன்னே இந்த மலரைக் கொண்டுவந்தவர்களின் முகம் உங்களுக்குத் தெரியாது, பின்னே கொண்டுவரப்போகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது. உங்கள் துண்டு சின்னது என்று நினைத்து, மழை பெய்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். விட்டவன் சொல்கிறேன்.

அப்படியே விட்டிருந்தாலும் திரும்பிப் போய் நடக்கலாம். கேட்டுச் சிரிக்க வேண்டியவர் இல்லாமல் போயிருக்கலாம். ஆனாலும் நடக்கலாம்.

அடுத்து இலங்கையின் 22 கட்டங்களையும் நடந்துவிடலாம் என்கிறான் நண்பன். ஆண்டுக்கு இரண்டு கட்டம் என்றால் எனக்கு அறுபது வயதைத் தொட்டுவிடும் என்று கணக்குச் சொன்னேன். "அதனால என்ன? மிச்சத்தப் பிள்ளைங்க நடக்கட்டும்" என்றான். அதுவரை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை நடந்து பார்க்க விரும்பும் மாணவர் எவரேனும் இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்ட்ரலில் இருப்பேன். குடை கொண்டு வாருங்கள்.